ரிம்மில் ஏறி உட்கார மறுக்கும் டயர்: வீட்டிலேயே டயர் மாற்றத் தொடங்குவோருக்கு

பைக் டயரை முதன்முறையாக வீட்டிலேயே மாற்றுகிறவர்கள், பழைய டயரைக் கழற்றுவதுதான் பெரும்பாடு என்று எண்ணிக்கொண்டு தொடங்குவார்கள். லிவரை விட்டு நெம்பி, விரல் முட்டியெல்லாம் சிராய்த்து, ஒருவழியாகப் புதிய டயரை ரிம்முக்குள் தள்ளியதும் வேலை முடிந்தது என்று மூச்சு விடுவார்கள். காற்று அடிக்கும்போதுதான் அடுத்த சிக்கல் தெரியவரும். டயரைச் சுற்றிலும் ஒரே அளவில் வெளியே தெரிய வேண்டிய மெல்லிய கோடு, ஏதோ ஓரிடத்தில் மட்டும் நான்கு விரல் நீளத்துக்கு ரிம்முக்குள் அமிழ்ந்து கிடக்கும். 30 பிஎஸ்ஐ அடித்தாலும் அப்படியே இருக்கும், 35 அடித்தாலும் அசையாது. அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்ப்போம்.

அப்படித் தோன்றும்போது அடிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உட்கார மறுக்கும் டயருக்குப் பெரும்பாலும் காற்றழுத்தம் போதாமல் இருப்பதில்லை. வழுக்கல் போதாமல் இருக்கும், ரிம்மில் அழுக்கோ துருவோ இருக்கும், அல்லது அளவே தவறாக இருக்கும். இவற்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்காமல் அழுத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஒன்று டயரின் உள்கம்பி அறும், அல்லது ரிம்மே பிளக்கும்.

எங்கே சிக்குகிறது

டயரின் உள்வட்ட விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தால் உள்ளே கடினமாக ஒன்று ஓடுவது தெரியும். அது எஃகுக் கம்பிகளாலான வளையம். பஞ்சர் கடைகளில் இந்த விளிம்பைப் பீடிங் என்பார்கள். இந்தக் கம்பி வளையம் நீளாது. எவ்வளவு இழுத்தாலும் அதன் சுற்றளவு மாறாது. மற்ற எல்லாச் சிக்கல்களும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ரிம்மைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதன் இரு பக்கமும் படிக்கட்டுபோல ஒவ்வொரு தளம் உண்டு. தளம் முடிகிற இடத்தில் ரிம்மின் கரை செங்குத்தாக எழும்பி நிற்கும். ட்யூப்லெஸ் ரிம்களில் பள்ளத்துக்கும் தளத்துக்கும் இடையே ஒரு சிறு மேடும் இருக்கும். காற்று இறங்கிய நிலையிலும் விளிம்பு எளிதில் பள்ளத்துக்குள் நழுவிவிடாதபடி தடுப்பது அந்த மேடுதான். டயரை மாட்டும்போது விளிம்பு நடுப்பள்ளத்தில் கிடக்கிறது. காற்று அடிக்கும்போது அது பள்ளத்திலிருந்து ஏறி, மேட்டைத் தாண்டி, தளத்தின் மேல் வழுக்கிக்கொண்டுபோய்க் கரையோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தத் தளம் தட்டையானது அல்ல. வெளிப்பக்கம் போகப்போகச் சுமார் 5 பாகை சரிவில் உயர்ந்துகொண்டே போகும். அதனால் விளிம்பு வெளியே நகர நகர இறுக்கம் கூடுகிறது. கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் டயர் அடம் பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

ஆக, விளிம்பைத் தள்ளுவது காற்று. அதைத் தடுப்பது ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையிலான உராய்வு. தள்ளும் விசையைக் கூட்டலாம் அல்லது உராய்வைக் குறைக்கலாம். முதலாவது ஆபத்தானது. இரண்டாவதற்குச் செலவு ஒரு குவளை சோப்பு நீர்.

ஆபத்து எவ்வளவு என்பதை ஒரு கணக்கு போட்டால் புரியும். 40 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர அங்குலப் பரப்பிலும் 40 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 18 கிலோ எடை அழுத்துகிறது. பல பைக்குகளின் பின்சக்கரத்தில் வரும் 100/90-17 அளவு டயரை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு பக்கச் சுவரின் பரப்பு ஏறத்தாழ 230 சதுர அங்குலம் வரும். பெருக்கிப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு மட்டும் 4 டன்னுக்கு மேல். நீங்கள் குனிந்து காதை வைத்துக் காற்றுக் கசிகிறதா என்று கேட்கிற பொருளின் உள்ளே அவ்வளவு விசை காத்திருக்கிறது.

பைக் டயர்களை உட்காரவைக்கும்போது 40 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் தரும் எச்சரிக்கை. சிலர் அதைவிடச் சற்றுக் கூடுதலாக அனுமதிப்பதும் உண்டு. உங்கள் டயரின் பக்கச் சுவரில் இதற்கென்று ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தால் அதுவே எல்லை. அப்படி எதுவும் இல்லாவிட்டால் 40ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தொட்டும் டயர் உட்காரவில்லை என்றால் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத் தக்கதல்ல. ஸ்போக்ஸ் வீல் வண்டி ஒன்றின் முன்சக்கரத்துக்கு 2.75-18 டயரை மாட்டிவிட்டு, கால் பம்பில் ஏறி மிதித்துக்கொண்டே இருந்தேன். பம்பின் முள் 50ஐத் தாண்டியிருந்தது. வேலை ஆகாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனபோது, அங்கிருந்த பெரியவர் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, காத்த ஏத்தாத. எறக்கு. எறக்கிட்டு மொதல்லேருந்து வா," என்றார். காற்றை முழுவதும் இறக்கினார். அமிழ்ந்திருந்த இடத்தில் காலால் மிதித்து விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளினார். சோப்பு நீரில் நனைத்த துணியைச் சுற்றிலும் ஓட்டினார். மறுபடி அடித்தபோது 30ஐத் தொடுவதற்குள் டப்பென்று சத்தம் கேட்டது. நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய வேலை அவருக்கு மூன்று நிமிடம்.

காற்று அடிப்பதற்கு முன்

முதலில் அளவைச் சரிபாருங்கள். டயரில் 17 என்று எழுதியிருந்தால் ரிம்மும் 17 அங்குல விட்டம் கொண்டதாக இருக்க வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம்; ஆனால் ஒரே வண்டியின் முன்சக்கரம் ஓர் அளவிலும் பின்சக்கரம் வேறோர் அளவிலும் இருப்பது சாதாரணம் என்பதால், பெட்டியில் வந்ததை அப்படியே மாட்டப்போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. விட்டத்தைப் போலவே அகலமும் முக்கியம். ரிம்மில் 1.60, 1.85, 2.15 என்பதுபோல ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது அங்குலக் கணக்கில் ரிம்மின் உள் அகலம். வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒல்லி ரிம்மில் தடித்த டயரை மாட்டினால், பக்கச் சுவர்கள் இரண்டும் உள்நோக்கிக் குறுகி, விளிம்பு கோணலாகவே தளத்தில் ஏறப் பார்க்கும். அந்த டயர் ஒருவேளை உட்கார்ந்தாலும் அதை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அது இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடத்தைக் குறிப்பது. அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம். இவை இரண்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டயர் உட்கார்ந்த பிறகு அம்பு தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடிக்கிற வேதனை வேறு எதிலும் இல்லை.

அடுத்தது ரிம். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய டயரின் ரப்பர் துணுக்குகள் தளத்தின்மேல் கருப்புப் படலமாக ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று வரும். எஃகு ரிம்மில் குரோம் பூச்சு உரிந்த இடங்களில் துரு பொரிந்து மேடுதட்டியிருக்கும். கடற்கரை ஊர்களில் அலாய் ரிம்மும் தப்பாது. அதில் சிவப்புத் துருவுக்குப் பதிலாக வெண்மையான மாவுபோன்ற அரிப்பு படியும். எஃகு ரிம்மின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, பின் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். அலாயில் கம்பி பிரஷ் கீறல் விழுத்தும். அதற்கு மெல்லிய உப்புத்தாளும் தண்ணீரும் போதும். முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு தளத்தைச் சுற்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருக்கும் விரலுக்குத் தட்டுப்படும். அப்படியே ரிம்மின் கரையையும் பார்த்துவிடுங்கள். குண்டும் குழியுமான சாலையில் அடிவாங்கி ஓரிடத்தில் கரை உள்ளே மடிந்திருந்தால், எத்தனை முறை சோப்பு தடவினாலும் அந்த இடத்தில் காற்றுக் கசியும். மடிந்த அலாய் ரிம்மை வீட்டில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். வெடிப்பு விழும்.

புதிய டயரையும் ஒருமுறை பாருங்கள். கடைகளிலும் லாரிகளிலும் டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பதாலும், சேர்த்துக் கட்டி அனுப்புவதாலும் அவற்றின் இரு விளிம்புகளும் ஒன்றை ஒன்று நெருங்கி, வாய் மூடியதுபோல் ஆகியிருக்கும். ட்யூப் போடும் டயரில் இது பெரிய தொல்லையில்லை, ட்யூபே விரித்துவிடும். ட்யூப்லெஸ் டயரில் இதுதான் தலைவலி. விளிம்புகள் ரிம்மைத் தொடாமல் நடுவில் தொங்குவதால் அடிக்கிற காற்றெல்லாம் இரு பக்கமும் வழிந்து போய்விடும். மாட்டுவதற்கு முந்தைய இரவே இரு விளிம்புகளுக்கும் இடையே மூன்று நான்கு இடங்களில் கட்டைத்துண்டுகளைக் கொடுத்து விரித்து வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். அவசரமென்றால் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடித் தளத்தில் கிடந்த டயர் கைக்கு மெத்தென்று இணங்குவதை நீங்களே உணரலாம்.

எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது

டயர் மாட்டுவதற்கென்றே விற்கிற வழுக்குப் பசை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தையோ சலவைச் சோப்பையோ தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அது நீர்த்துப் போயிருக்கக் கூடாது; இரு விரல்களுக்கு இடையே தேய்த்தால் வழவழவென்று நழுவ வேண்டும். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் டயரின் இரு விளிம்புகளிலும், ரிம்மின் இரு தளங்களிலும் சுற்றிலும் தடவுங்கள். தாராளமாகத் தடவலாம், ஆனால் டயருக்குள் குட்டையாகத் தேங்கும் அளவுக்கு ஊற்ற வேண்டாம். நம் வெயிலில் சோப்பு நீர் ஐந்தே நிமிடத்தில் காய்ந்து, வழுக்குவதற்குப் பதிலாகப் பிசினாகி ஒட்டும். அதனால் தடவியதும் காற்று அடித்துவிட வேண்டும். இடையில் தேநீர் குடிக்கப் போனால் திரும்பிவந்து மறுபடி தடவித்தான் ஆக வேண்டும்.

கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் இவற்றில் எதையும் தொடாதீர்கள். "எண்ணெய்தானே, நன்றாக வழுக்குமே" என்பது சரிதான். வழுக்கிக்கொண்டே இருக்கும் என்பதுதான் குறை. சோப்பு நீர் காய்ந்து பிடிமானம் தந்துவிடும், எண்ணெய் காயாது. பிரேக் பிடிக்கும்போது ரிம் நிற்க, டயர் மட்டும் தனியே நகரும். ட்யூப் உள்ள சக்கரமாக இருந்தால் அந்த நகர்வில் வால்வு அடியோடு பிய்ந்துகொள்ளும். இது தவிர, பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும்.

காற்றே நிற்கவில்லை என்றால்

இது ட்யூப்லெஸ் டயருக்கே உரிய சிக்கல். அடிக்கிற காற்று விளிம்போரமாகப் புஸ்ஸென்று வெளியேறிக்கொண்டே இருக்கும், அழுத்தமே ஏறாது. இங்கே வேண்டியது அழுத்தமல்ல, வேகம். கசிகிற காற்றைவிட வேகமாகக் காற்று உள்ளே வந்தால்தான் விளிம்பு தள்ளப்பட்டு ரிம்மைத் தொடும். தொட்டுவிட்டால் பிறகு தானாகவே அடைத்துக்கொள்ளும்.

வால்வின் உள்ளே திருகப்பட்டிருக்கும் சிறிய ஊசியை அதற்குரிய திருகியால் கழற்றிவிடுங்கள். ஊசி இல்லாத வால்வில் காற்று பல மடங்கு வேகமாகப் பாயும். தொட்டி உள்ள கம்ப்ரசர் ஒன்றே இதற்குச் சரியான கருவி. கால் பம்பும், வண்டி பேட்டரியில் ஓடும் கைக்கடக்கமான காற்றடிப்பானும் ட்யூப் உள்ள டயருக்குப் போதுமே தவிர, வாய் மூடிக்கிடக்கும் ட்யூப்லெஸ் டயருக்கு உதவா. பெட்ரோல் பங்கிலுள்ள தானியங்கிக் காற்று இயந்திரமும் முழுதாகக் காற்றிறங்கிய டயரைக் கண்டால் பல நேரம் பிழை காட்டி நின்றுவிடும்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பட்டை கட்டுங்கள். லாரியில் சரக்கை இறுக்கும் ராட்செட் பட்டையை டயரின் மேல்பரப்பைச் சுற்றி, தரையில் பதியும் பகுதியின் நடுவில் வருமாறு கட்டி இறுக்குங்கள். நடுப்பகுதி உள்ளே அமுங்கும்போது இரு விளிம்புகளும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். பட்டை இல்லையென்றால் தடித்த நைலான் கயிற்றைச் சுற்றி முடிந்து, முடிச்சுக்குள் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினாலும் இதே விளைவுதான். விளிம்புகள் தொட்டு, காற்று நிற்கத் தொடங்கியதும், 10 பிஎஸ்ஐக்குள்ளேயே பட்டையைத் தளர்த்திக் கழற்றிவிட வேண்டும். டயர் விரியும்போது கட்டியிருக்கும் பட்டை அறுந்து சாட்டைபோல அடிக்கும். முறுக்கிய கட்டை பறந்து வந்து முகத்தில் படும்.

எதற்கும் மசியாத டயருக்கு இன்னொரு வழி உண்டு. நேரம் பிடித்தாலும் நான் கண்டவரை தவறியதில்லை. ட்யூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள ஒரு ட்யூபை உள்ளே போட்டுக் காற்று அடியுங்கள். இரு விளிம்புகளும் ஏறி உட்கார்ந்துவிடும். அப்படியே சில மணி நேரம் விட்டு, காற்றை இறக்கி, ஒரு பக்க விளிம்பை மட்டும் இறக்கி ட்யூபை உருவிக்கொள்ளுங்கள். அதே வழியாகப் புதிய ட்யூப்லெஸ் வால்வை இழுத்துப் பொருத்துங்கள். மறுபக்க விளிம்பு ஏற்கெனவே உட்கார்ந்த நிலையில் இருப்பதால், இனி அடைபட வேண்டியது ஒரு பக்கம்தான். அதுவும் ட்யூபால் விரிந்து பழகிய பக்கம். புதிய டயர் போடும்போதெல்லாம் ரப்பர் வால்வையும் புதிதாகப் போடுவது நல்லது. டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

பெட்ரோலையோ தெளிப்பான் வாயுவையோ டயருக்குள் அடித்துத் தீ வைத்து "டமார்" என்று உட்காரவைக்கும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அப்போது உள்ளே எழும் அழுத்தம் எவ்வளவு என்று வைத்தவருக்கே தெரியாது. அதை நிறுத்த வழியும் கிடையாது. செய்யாதீர்கள்.

காற்று நிற்கிறது, ஓரிடம் மட்டும் ஏறவில்லை என்றால்

பெரும்பாலானோர் வந்து நிற்கிற இடம் இது. முதலில் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டயரின் பக்கச் சுவரில், ரிம்மின் கரைக்குச் சில மில்லிமீட்டர் மேலே, சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். சில டயர்களில் நெருக்கமாக இரண்டு இருக்கும். கரைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருந்தால் டயர் உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் கோடு கரையை நெருங்கியோ, அதற்குள் மறைந்தோ போனால் அங்கே விளிம்பு இன்னும் தளத்தில் ஏறவில்லை. இரு பக்கமும் பார்க்க வேண்டும். டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டது, அதனால் இரு பக்கமும் உட்கார்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது சரியல்ல. ஒரே பக்கம் இரு தவணையாக ஏறியிருக்கலாம்.

அமிழ்ந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். காற்றை முழுவதும் இறக்குங்கள். குறித்த இடத்திலும் அதன் இரு பக்கமும் ஒரு சாண் தூரம் வரை விளிம்பைக் காலால் மிதித்து நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். விளிம்பை இறக்காமல் வெளியிலிருந்தே சோப்பு நீரை ஊற்றுகிறார்கள். கரைக்கும் ரப்பருக்கும் இடையே வழிகிற நீர், உராய்கிற தளம் வரை போய்ச் சேராது. விளிம்பை இறக்கி, பிரஷை உள்ளே விட்டுத் தளத்திலும் ரப்பரிலும் தடவுங்கள். தடவும்போதே அங்கே துருப்பொருக்கோ ரப்பர் துணுக்கோ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்; முதல் சுற்றில் கண்ணுக்குத் தப்பியது இப்போது அகப்படும்.

மறுபடி அடிக்கும்போது 20 பிஎஸ்ஐ அளவில் நிறுத்துங்கள். அமிழ்ந்த இடத்துக்கு நேர் எதிர்ப்புறம் தரையில் படுமாறு சக்கரத்தைத் தூக்கி இரண்டு மூன்று முறை தரையில் குதிக்க விடுங்கள். பின் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றிலும் அவ்வாறே செய்யுங்கள். அல்லது ரப்பர் சுத்தியலால் கோட்டுக்கு மேலே, பக்கச் சுவரில் மெதுவாகச் சுற்றிலும் தட்டுங்கள். தட்டுவதும் குதிக்கவிடுவதும் குறைந்த அழுத்தத்தில் மட்டுமே; 40 பிஎஸ்ஐ நிறைந்த டயரை அடிக்கக் கூடாது. பிறகு மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான டயர்கள் 25க்கும் 35க்கும் இடையில் ஏறிவிடும். ஏறவில்லையென்றால் மறுபடி இறக்கி, மறுபடி தடவி, மறுபடி அடியுங்கள். இந்தச் சுற்றை மூன்று முறை செய்வது இயல்பு. ஐந்து முறை செய்தும் ஒரே இடம் அமிழ்ந்திருந்தால் அங்கே ரிம்மில் மடிப்போ, டயரின் கம்பி வளையத்தில் முறிவோ இருக்கிறதென்று கொள்ளலாம். மாட்டும்போது லிவரை முரட்டுத்தனமாக நெம்பினால் அந்தக் கம்பி முறியும்; வெளியே தெரியாது. அப்படிப்பட்ட டயரை ஓட்டக் கூடாது.

இப்படி அடிக்கும் நேரங்களில் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். விளிம்பு வெடித்தால் விசை பக்கவாட்டில்தான் பாயும். சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து அதன்மேல் குனிந்து நின்றால் உங்கள் முகம் அதன் பாதையில் இருக்கிறது. சக்கரத்தை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, தரையில் பதியும் பகுதி உங்களை நோக்கியிருக்க, வால்வில் கவ்விப் பிடிக்கும் முனையுள்ள நீண்ட குழாயால் தள்ளி நின்று அடியுங்கள். கோடு ஏறுகிறதா என்று பார்க்க விரலை ரிம்முக்கும் டயருக்கும் நடுவே வைக்கவே கூடாது. டயர் ஏறுகிற நொடியில் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். விரல் உள்ளே இருந்தால் விரலும் போகும்.

ஸ்போக்ஸ் வீலில் ட்யூபோடு மாட்டுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ட்யூபே விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் வால்வுப் பக்கத்தில்தான் இது நேர்கிறது. அங்கே ட்யூப் தடித்திருப்பதால் விளிம்பு அதன்மேல் ஏறி நிற்கும். வால்வின் நட்டை முதலிலேயே முடுக்காமல் நுனியில் மட்டும் வைத்துக்கொண்டு, காற்று அடிப்பதற்கு முன் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விடுங்கள். ட்யூப் விடுபட்டு மேலே போகும், விளிம்பு கீழே இறங்கும். இரண்டு, ட்யூப் உள்ளே மடங்கியிருக்கும். டயருக்குள் போடும்போதே வடிவம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றி, டால்கம் பவுடர் தூவினால் மடிப்பு விழாது. முதல்முறை காற்று அடித்ததும் அதை முழுவதும் இறக்கி மறுபடி அடிப்பது பஞ்சர் கடைக்காரர்களின் பழக்கம். அது ட்யூப் தன்னை நேராக்கிக்கொள்வதற்கு. வால்வு ரிம்மிலிருந்து நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ட்யூப் இழுபட்டிருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டால் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் வால்வின் அடியில் கிழியும்.

உட்கார்ந்த பிறகு

ஊசியைக் கழற்றியிருந்தால் இப்போது அதை மாட்டி, காற்றை உங்கள் வண்டிக்கு உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த அளவு வண்டியோடு வந்த கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் கவர் அருகே ஒட்டிய சிறு தாளிலும் இருக்கும். அன்றாட வண்டிகளுக்குப் பொதுவாக 25இலிருந்து 36 பிஎஸ்ஐக்குள் வரும். உட்காரவைக்க அடித்த 40ஐ அப்படியே விட்டு ஓட்டக் கூடாது. ட்யூப்லெஸ் டயரானால் இரு விளிம்புகளையும் வால்வின் அடிப்பாகத்தையும் சோப்பு நீரால் நனைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு உடனே குமிழிவிடும்; சிறு கசிவு கடுகளவு நுரையாக மெல்லக் கொத்துக்கட்டும். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் சோப்பில் உள்ள உப்பு அலாய் ரிம்முக்கு ஆகாது.

சக்கரத்தை வண்டியில் மாட்டி, செண்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பென்சிலை அசையாமல் பிடித்து அதன் முனையைக் கோட்டுக்கு ஒரு நூலிழை தள்ளி வைத்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். கோடு பென்சிலை நெருங்கியும் விலகியும் போனால் எங்கோ இன்னும் முழுதாக ஏறவில்லை. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி குதிரைபோலத் துள்ளும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் செலவழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

புதிய டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100 கிலோமீட்டரில் வளைவுகளில் வண்டியைச் சாய்ப்பதையும் சட்டென்று பிரேக் பிடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மழை பெய்தால் இன்னும் கவனம். அந்த முதல் நாள் ஓட்டத்தில் விளிம்பில் மிச்சமிருக்கும் சோப்பு ஈரமும் காய்ந்துவிடும்.

மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் கவலையில்லை. முந்தைய நாள் மாலை வெயிலில் சூடாக இருந்த டயர் இரவில் குளிர்ந்ததும், கேஜ் வைக்கும்போது கொஞ்சம் காற்று வெளியேறியதுமே அதற்குப் போதும். ஐந்தோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் பிரஷையும் சோப்பு நீரையும் மறுபடி எடுத்து, முதலில் வால்வின் அடியில் தொடங்கி, பிறகு நேற்றுச் சாக்பீஸால் குறித்த இடத்தைப் பாருங்கள்.